உள்ளே ஆப்காரி, வெளியே கோத்வால்: ஹைதராபாத் மதுக்கடை வாசலின் கதை

என் பெரியப்பா லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். நிஜாம் ரயில்வே 1893-இல் தொடங்கிய அந்தப் பட்டறையை நம்பித்தான் தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலிருந்தும் நம் குடும்பங்கள் செகந்திராபாத்துக்கு வந்து சேர்ந்தன. பெரியப்பா குடிக்க மாட்டார். ஆனால் அவர் குடியிருந்த லைன் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு மதுக்கடை இருந்தது. ராத்திரி அந்தக் கடை மூடும் நேரம்தான் தெருவுக்கே கண்டம். சத்தம், சண்டை, அழுகை எல்லாம் ஷட்டர் இறங்கிய பிறகுதான் ஆரம்பிக்கும்.

ஒரு நாள் ராத்திரி, அதே லைனில் இருந்த ஒரு பாய்லர் தொழிலாளி கடை வாசலுக்கு எதிரே இருந்த சாக்கடையில் தலையில் அடிபட்டுக் கிடந்தார். தள்ளிவிட்டார்களா, தானாக விழுந்தாரா என்பது கடைசி வரை தெரியவில்லை. கடைக்காரர், "வெளியில நடந்ததுக்கு நான் என்ன பண்றது?" என்றார். பீட்டுக்கு வந்த கான்ஸ்டபிள், "குடிச்சது உள்ளே, அது ஆப்காரி டிபார்ட்மெண்ட். விழுந்ததுதான் வெளியே" என்று சொல்லிவிட்டு, விழுந்து அடிபட்டதாக எழுதிக்கொண்டார். பெரியப்பாவும் இன்னொருவரும் ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் பிழைத்தார். ஆனால் பட்டறை வேலைக்குத் திரும்ப முடியவில்லை.

இதைச் சொல்லும்போதெல்லாம் பெரியப்பா கடைசியில் ஒன்று சொல்வார்: "டேய், உள்ளே இருக்கிற வரைக்கும் அவன் ராஜா. ஷட்டர் இறங்கினப்புறம் அவன் யாரோ." நான் பிற்பாடு இந்த ஊர்ச் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தபோது, அந்தக் கான்ஸ்டபிள் சொன்னது சோம்பேறித்தனம் மட்டும் இல்லை என்று புரிந்தது. கடைக்குள் ஒரு அதிகாரம், கடை வாசலில் வேறொரு அதிகாரம் என்று ஹைதராபாத்தில் குடி விவகாரம் இருநூறு வருஷமாக இரண்டாகப் பிரிந்தே கிடக்கிறது. உரிமம் கொடுத்துக் காசு வாங்குகிற கை ஒன்று, அதனால் வருகிற கலாட்டாவை அடக்குகிற கை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வாசற்படியின் கதையைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

நம்மவர்கள் வந்த கதையிலிருந்தே தொடங்கலாம். 1798-இல் நிஜாம் ஆங்கிலேயக் கம்பெனியோடு துணைப்படை ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்தப் படை ஹுசேன் சாகர் ஏரிக்கு வடக்கே கூடாரம் அடித்தது. 1806-இல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அந்த இடத்துக்கு செகந்திராபாத் என்று பெயர் வந்தது. வந்தது மதராஸ் ராணுவம். ஆகவே சிப்பாய்கள், சமையல்காரர்கள், வண்டிக்காரர்கள், துபாஷிகள், சப்ளை காண்ட்ராக்டர்கள் என்று தமிழர்களும் கூடவே வந்தார்கள். முதலியார் குடும்பங்கள் பல இங்கே வேரூன்றின. பத்மாராவ் நகர் என்ற பெயரே அதற்குச் சாட்சி.

கண்டோன்மெண்டில் குடி என்பது ஒழுக்கப் பிரச்னை இல்லை, படைப் பிரச்னை. அன்றைய வெள்ளைக்கார சோல்ஜருக்குச் சாராயம் ரேஷனோடு வரும் பொருள். ரெஜிமெண்ட் கேண்டீனில் அளவாக ஊற்றிக் கொடுப்பார்கள். அந்த அளவு போதாதவன் பஜாருக்கு வருவான். பஜாரில் கிடைத்தது மலிவான நாட்டுச் சரக்கு. குடித்தவன் பாரக்குக்குத் திரும்ப மாட்டான், திரும்பினாலும் அடுத்த நாள் பரேடுக்கு உதவ மாட்டான். ராணுவத் தண்டனைகளில் குடிபோதைக் குற்றத்துக்கு எப்போதுமே பெரிய பங்கு இருந்தது. திருமலகிரியில் கோட்டை மாதிரி நிற்கும் ராணுவச் சிறைச்சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சோல்ஜர்களுக்காகவே எவ்வளவு பெரிய சிறை தேவைப்பட்டது என்று.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. ராணுவம் வாசற்படியைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. கண்டோன்மெண்ட் எல்லைக்குள் மட்டுமில்லாமல், அதை ஒட்டி அரசாங்கம் குறிப்பிடும் சுற்றுவட்டத்திலும், கமாண்டிங் ஆபீசரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு சிப்பாய்க்குச் சாராயம் விற்பதோ கொடுப்பதோ குற்றம் என்று சட்டம் இருந்தது. 1924-ஆம் வருஷத்துக் கண்டோன்மெண்ட் சட்டத்திலும் இது உண்டு. அதாவது குடித்தவனை மட்டும் பிடிப்பதில்லை, ஊற்றிக் கொடுத்தவனையும் பிடிப்பார்கள். கடை யாருடையது, உள்ளே நடந்ததா வெளியே நடந்ததா என்ற கேள்வியே எழாது. நாம் தினமும் பஸ் ஏறுகிற "பிக்கெட்" என்ற இடத்தின் பெயரே ராணுவக் காவல் முனையைக் குறிக்கும் சொல்தான்.

தண்டனை மட்டும் போதாது என்றும் அவர்களுக்குப் புரிந்தது. மதராஸில் படைத்தளபதியாக இருந்து பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியான ராபர்ட்ஸ் பிரபு, 1888-இல் ராணுவ மதுவிலக்குச் சங்கத்தை ஊக்கி வளர்த்தார். டீ, காப்பி, பத்திரிகை, பில்லியர்ட்ஸ் மேஜை என்று சாயங்காலத்தைக் கழிக்க வேறு ஒரு இடம் கொடுப்பதுதான் அதன் வழி. சும்மா சொல்லக் கூடாது, அந்தக் காலத்துக்கு நல்ல யோசனை. ஆனால் அந்த அக்கறை எல்லாம் சோல்ஜரோடு முடிந்தது. அவனுக்குக் குதிரை தேய்த்தவனும் துணி வெளுத்தவனும் எங்கே குடித்து எங்கே விழுந்தான் என்பது யாருடைய கணக்கிலும் வரவில்லை.

ஏரிக்கு இந்தப் பக்கம் நிஜாமின் நகரம். இங்கே ஆதாரம் கள். பனையிலிருந்து இறக்குவது ஒன்று, ஈச்ச மரத்திலிருந்து இறக்குவது இன்னொன்று. ஈச்சங்கள்ளுக்கு இந்த ஊரில் "செந்தி" என்று பெயர், விற்கும் இடம் செந்திகானா. இலுப்பைப் பூவிலிருந்து காய்ச்சிய சாராயமும் உண்டு. நாராயணகுடாவில் அரசாங்க வடிசாலை இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். இவற்றின் மீதான வரிக்கு ஆப்காரி என்று பெயர். பாரசீகத்தில் "ஆப்" என்றால் நீர். நம்மூர்ப் பழைய பத்திரங்களிலும் இந்தச் சொல் வரும். நிஜாம் அரசு அதைக் குத்தகைக்கு விட்டது. ஏலம் எடுத்தவர் முன்கூட்டியே பணத்தைக் கட்டிவிட்டு, அதற்கு மேல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு விற்பார். அரசாங்கத்தின் வேலை பணம் வந்ததா என்று பார்ப்பது. குத்தகைதாரரின் வேலை விற்பது. குடித்துவிட்டு வெளியே வந்தவன்? அவன் கோத்வாலின் பொறுப்பு.

கோத்வால் என்பவர் நகரக் காவல் தலைவர். இந்தப் பதவியில் புகழ்பெற்றவர் ராஜா பகதூர் வெங்கட ராம ரெட்டி, 1920 முதல் 1934 வரை இருந்தார். ரெட்டி ஹாஸ்டல் அமைந்ததில் முக்கியப் பங்கு கொண்டவரும் அவரே. கோத்வாலுக்கும் ஒரு எல்லை இருந்தது. கோட்டியில் ரெசிடென்ட் மாளிகையைச் சுற்றியிருந்த ரெசிடென்ஸி பஜார்கள் ஆங்கிலேயர் அதிகாரத்தில் இருந்தன. 1933-இல்தான் நிஜாமுக்குத் திரும்பின, இன்றைய சுல்தான் பஜார் அதுதான். செகந்திராபாத் நகரப் பகுதி 1945-46 வாக்கில்தான் திரும்பியது. ஆக, ஒரே ஊரில் மூன்று அதிகாரம், மூன்று சட்டம், மூன்று சாவடி. குடித்தவனுக்கு இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். தெரு தாண்டினால் வேறு ராஜ்யம்.

நிஜாம் ஆட்சியின் கடைசிக் காலத்தில் ஹைதராபாத் நகரப் போலீஸ் சட்டம் வந்தது. 1348-ஆம் பசலி, அதாவது 1938-39. நம் கிராமத்துக் கணக்குப்பிள்ளைகள் எழுதின அதே பசலிதான். நிஜாம் போய், ஹைதராபாத் மாநிலம் போய், ஆந்திரப் பிரதேசமும் பிரிந்த பிறகும் தெருவில் செய்யும் சில்லறைக் குற்றங்களுக்கு நகரப் போலீஸ் அந்தப் பசலிச் சட்டத்தின் கீழ்தான் வழக்குப் போட்டு வந்தது. சென்னைவாசிகளுக்கு 1888-ஆம் வருஷத்து நகரப் போலீஸ் சட்டத்தின் 75-ஆம் பிரிவு எப்படியோ, அப்படி. "75 கேஸ் போட்டுட்டான்" என்று அங்கே சொல்வாங்க இல்லையா? இங்கே அதற்குப் பெயர் "பெட்டி கேஸ்".

இதற்கெல்லாம் மேலே இந்திய தண்டனைச் சட்டத்தின் 510-ஆம் பிரிவு. போதையில் பொது இடத்தில் தொந்தரவு செய்தால் 24 மணி நேரம் வரை காவல், அல்லது 10 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1860-இல் எழுதின 10 ரூபாய் 2024 ஜூன் 30 வரை அதே 10 ரூபாயாகவே இருந்தது. 1860-இல் 10 ரூபாய் என்றால் ஒரு கூலிக்காரனுக்கு மாதக்கணக்கான வருமானம். கடைசி நாளில் அதற்கு ஒரு டீ வாங்கலாம், சமோசா வாங்க முடியாது. புதிய நியாய சன்ஹிதாவின் 355-ஆம் பிரிவில் இது 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. சிறைக்கும் அபராதத்துக்கும் பதிலாகச் சமூக சேவை செய்யச் சொல்லவும் வழி வைத்திருக்கிறார்கள். எல்லாம் சரி, ஆனால் இந்தப் பிரிவும் குடித்தவனோடுதான் பேசுகிறது. கடையோடு பேசவில்லை.

இப்போது பணத்தைப் பற்றிக் கொஞ்சம். ராஜாஜி 1937 அக்டோபர் 1-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-க்குள் மதராஸ் மாகாணம் முழுவதும் வறண்டது. 1953-இல் பிரிந்துபோன ஆந்திராவும் அந்த விலக்கைச் சுமந்துகொண்டே போனது. ஹைதராபாத்தில் மட்டும் கடைகள் திறந்தே இருந்தன. மதராஸிலிருந்து கல்யாணத்துக்கு வந்த சில மாமாக்கள் முகூர்த்தம் முடிந்தும் நாலு நாள் கூடத் தங்கியதற்கு வேறு காரணமும் இருந்தது என்று எங்கள் வீட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

1955-இல் மாநிலச் சீரமைப்புக் குழு அறிக்கை கொடுத்தபோது, ஆந்திரா பணக் கஷ்டத்தில் இருக்கும்போது தெலங்கானா ஏன் சுகமாக இருக்கிறது என்பதற்கு இரண்டு காரணம் சொன்னது. ஒன்று நிலவரி. மற்றது வருஷத்துக்கு ஏறக்குறைய 5 கோடி ரூபாய் கலால் வருமானம். 1956-இல் இரண்டும் ஒரே மாநிலம் ஆயின. ஒரு பாதியில் குடித்தால் குற்றம், மறு பாதியில் குடிப்பது அரசாங்கத்துக்கு வருமானம். இது பல வருஷம் நடந்தது. 1968-இல் ஆந்திரப் பிரதேச கலால் சட்டம் வந்து, 1969-இல் ஆந்திரப் பகுதியிலும் விலக்கு எடுக்கப்பட்டது. மதுவிலக்கு இருந்த பகுதியில் போலீஸ்காரருக்குச் சாராயம் என்றால் நேரடி வேலை. ஹைதராபாத் போலீஸுக்கோ கடைக்குள் இருப்பது இன்னொரு இலாகாவின் சொத்து. பெரியப்பா பார்த்த கான்ஸ்டபிள் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்.

இந்த ஏற்பாட்டை முதன்முதலில் உலுக்கியது போலீஸும் இல்லை, கலால் இலாகாவும் இல்லை. எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள். என்.டி. ராமராவின் ஆட்சியில் அரசே "வாருணி வாகினி" என்ற பெயரில் பாக்கெட் சாராயம் விற்றது. கடைக்குப் போக வேண்டாம், சாராயம் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். 1992-இல் நெல்லூர் ஜில்லா தூபகுண்டா கிராமத்தில் ரோசம்மா முதலான பெண்கள் கூடிச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பற்றிக்கொண்டது. ஏலம் நடக்கும் இடங்களையே பெண்கள் மறித்தார்கள். இதை நான் காவல் சரித்திரத்தில்தான் சேர்ப்பேன். கடைக்குள்ளே, கடைக்கு வெளியே என்று பிரித்துப் பேசாமல், இந்தக் கடையிலிருந்து வருகிறவன்தான் என் வீட்டில் அடிக்கிறான், ஆகவே கடை பதில் சொல்லட்டும் என்றார்கள். இரண்டு இலாகாக்கள் சேர்ந்து செய்யாத கணக்கை அவர்கள் போட்டார்கள்.

1993 அக்டோபர் 1 முதல் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995 ஜனவரி 16 முதல் அதே ராமராவ் முழு மதுவிலக்குக் கொண்டுவந்தார். 1997-இல் சந்திரபாபு நாயுடு ஆட்சியில் அது தளர்ந்தது, சாராயத் தடை மட்டும் நின்றது. இடைப்பட்ட காலத்தில் நகரத்தில் என்ன நடந்தது என்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பக்கத்து மாநிலங்களிலிருந்து சரக்கு வந்தது. தூல்பேட்டையில் குடும்பா காய்ச்சினார்கள். தமிழில் எழுதினால் குடும்பம் ஞாபகம் வரும், ஆனால் இது அதைக் கெடுக்கிற நாட்டுச் சாராயம். காட்டவும் மூடவும் ஒரு வாசல் இருந்த கடை போய், வாசலே இல்லாத வியாபாரம் ஆனது.

கள்ளின் கதை தனி. ஹைதராபாத்தில் கள் விற்கும் இடத்தைக் "காம்பவுண்டு" என்பார்கள். 2004-இல் நகரத்துக் காம்பவுண்டுகள் மூடப்பட்டன. தெலங்கானா பிறந்ததும் 2014-இல் மறுபடி திறந்தன. நகரத்தில் மரம் எங்கே இருக்கிறது? மரம் இல்லாத இடத்தில் கள் ஓடினால் அதில் என்ன கலந்திருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். குளோரல் ஹைட்ரேட், டயஜிபாம், அல்ப்ராஜோலம் என்று மருந்துக்கடைப் பெயர்கள்தான். 2015-இல் தெலங்கானாவில் அதிகாரிகள் கலப்படக் கள்ளைப் பிடித்து நிறுத்தினார்கள். அடுத்த சில நாட்களில் நிஜாமாபாத் முதலிய ஜில்லாக்களிலிருந்தும் நகரிலிருந்தும் ஆட்கள் வலிப்பு, கைநடுக்கம், இல்லாததைப் பார்ப்பது, பிதற்றல் என்று ஆஸ்பத்திரிகளுக்கும் எர்ரகட்டா மனநல மருத்துவமனைக்கும் வரிசையாக வந்தார்கள். கள்ளுக்கு அல்ல, அதில் கலந்த மாத்திரைக்கு உடம்பு பழகியிருந்தது. நல்ல நோக்கத்தில் எடுத்த நடவடிக்கைதான். ஆனால் பிடிக்கப் போகிற இலாகா ஒரு வாரம் முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் படுக்கையும் மருந்தும் தயாராக இருந்திருக்கும். பத்து வருஷம் கழித்து, 2025 ஜூலையில், கூகட்பல்லி வட்டாரத்தில் கள் குடித்துப் பலர் இறந்தார்கள், பல பேர் சிறுநீரகக் கோளாறோடு படுத்தார்கள். அல்ப்ராஜோலம் மறுபடியும் பேப்பரில் வந்தது.

இனி பப்கள். 1998-இல் சைபர் டவர்ஸ் திறந்த பிறகு மாதாப்பூர், கச்சிபவுலி, ஜூபிலி ஹில்ஸ் பக்கம் வேறொரு நகரம் முளைத்தது. கையில் சம்பளம், ஷிப்ட் முடிந்த நேரம், வயசு இருபத்தைந்து. ஜேம்ஸ் தெருவிலும் கிங்ஸ்வேயிலும் இருந்த பழைய பார்களில் குடித்தவர்கள் பெரும்பாலும் நடந்து வீடு போவார்கள். புதிய பப்களுக்கு வருகிறவர்கள் காரில் வந்து காரில் போகிறார்கள். ஆக வாசற்படிக்கு வெளியே என்பது இருபது அடி சாக்கடை இல்லை, இருபது கிலோமீட்டர் சாலை. சமீப ஆண்டுகளின் கலால் கொள்கைப்படி மாநகரில் பார்கள் நள்ளிரவு 12 வரையும் வாரக் கடைசியில் 1 மணி வரையும் திறந்திருக்கலாம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே மணி அடித்ததும் வெளியே வருவார்கள் என்பது அந்த நேரத்தைக் குறித்தவர்களுக்கும் தெரியும்.

போலீஸ் இதைச் சாலையில்தான் பிடித்தது. 2011 நவம்பரில் ஹைதராபாத் டிராபிக் போலீஸ் குடித்து ஓட்டுபவர்களைப் பிடிக்கத் தொடர் சோதனை தொடங்கியது. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் வண்டி போலீஸ் கையில். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பிடிபட்டவர் கோர்ட்டுக்குப் போகுமுன் கோஷாமஹாலிலோ பேகம்பேட்டையிலோ இருக்கும் டிராபிக் பயிற்சி நிலையத்தில் அறிவுரை வகுப்புக்கு வர வேண்டும், தனியாக அல்ல, அப்பா அம்மாவையோ மனைவியையோ கூட்டிக்கொண்டு. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்தது. வெட்கம் சில சமயம் அபராதத்தைவிட வேலை செய்யும். ஆனால் தூங்காமல் காத்திருந்த அந்த அம்மாவைக் கூப்பிடுகிற இலாகா, பில் போட்டுக் கொடுத்த பார் மேனேஜரையும் அதே பெஞ்சில் உட்கார வைத்தால் இன்னும் பிடித்திருக்கும்.

2016 ஜூலை 1-இல் பஞ்சகுட்டாவில் நடந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. கல்லூரி மாணவர்கள் குடித்துவிட்டு ஓட்டிய கார் சாலைத் தடுப்பைத் தாண்டி எதிரே வந்த வண்டியின் மேல் விழுந்தது. பள்ளிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சிறுமியும் அவள் குடும்பத்தில் இன்னும் இருவரும் இறந்தார்கள். இங்கே மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். அந்தப் பையன்களுக்கு ஆகவில்லை. அப்போதுதான் முதல் தடவையாக "யார் ஊற்றிக் கொடுத்தது?" என்ற கேள்வி நகரம் முழுக்கக் கேட்டது. பழைய கண்டோன்மெண்ட் சட்டம் சிப்பாய்க்காகக் கேட்ட அதே கேள்விதான்.

ஜூபிலி ஹில்ஸ் குடியிருப்போர் வேறு வழியில் போனார்கள். தூங்க முடியவில்லை, வீட்டு வாசலில் கார் நிறுத்துகிறார்கள், ராத்திரி ரகளை என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2022 செப்டம்பரில் தெலங்கானா உயர் நீதிமன்றம் இரவு 10 மணிக்கு மேல் பப்களில் இசை கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. அதற்குப் பின்பலம் 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள். பிறகு மேல்முறையீட்டில் அது வழக்கில் இருந்த பத்து பப்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. வேடிக்கை என்னவென்றால், குடித்துவிட்டுச் செய்யும் தொல்லையைத் தடுக்க ஆப்காரிச் சட்டமும் உதவவில்லை, பசலிச் சட்டமும் உதவவில்லை, ஸ்பீக்கர் சட்டம் உதவியது. கலால் இலாகா லைசென்ஸ் கொடுத்தது, மாநகராட்சி கட்டடத்தைப் பார்த்தது, போலீஸ் புகாரைப் பார்த்தது. 2003-இல் சைபராபாத், 2016-இல் ராச்சகொண்டா என்று கமிஷனரேட்டுகளும் பிரிந்திருந்தன. பழைய மூன்று சாவடிகள் திரும்பி வந்த மாதிரி.

வெளியூரில் எப்படி? சிங்கப்பூரில் 2013 டிசம்பர் 8 ஞாயிறு இரவு லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழ்த் தொழிலாளி பஸ்ஸில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம். விசாரணைக் குழு மதுவும் ஒரு காரணம் என்றது. 2015-இல் புதிய மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிப்பதும், எடுத்துப்போக விற்பதும் தடையாயிற்று. லிட்டில் இந்தியாவுக்கு இன்னும் கடுமை. அங்கே வாசற்படியைச் சட்டம் தெளிவாகவே தாண்டியது. ஆனால் அது விழுந்தது யார் மேல்? பாரில் உட்காரக் காசில்லாமல், ஞாயிற்றுக்கிழமை புல்தரையில் உட்கார்ந்து குடித்தவர்கள் மேல். பாருக்குள் இருந்தவருக்கு ஒன்றும் மாறவில்லை. நம்மவர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் வேறு தினுசு. 2008-இல் அங்கே நகர மையத்துப் பதினான்கு பப்களுக்கு மூடும் நேரத்தை முன்னால் இழுத்தார்கள். அதற்கும் சில மணி நேரம் முன்பே புதிதாக யாரும் உள்ளே வரக் கூடாது என்றும் வைத்தார்கள். இரவு அடிதடி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாக ஆய்வாளர்கள் பின்னால் கணக்குப் போட்டார்கள். என்னை அதிகம் கவர்ந்தது அதுவல்ல. அந்த மாநிலப் போலீஸ், மது சம்பந்தப்பட்ட சம்பவத்தில் யாரைப் பிடித்தாலும், அடிபட்டவரானாலும் அடித்தவரானாலும், ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது: கடைசியாக எங்கே குடித்தீர்கள்? அவ்வளவுதான். ஒரு வருஷம் போனால் எந்தக் கடையிலிருந்து எத்தனை தலை உடைகிறது என்று தானாகத் தெரிந்துவிடும். அந்தக் கடைக்குப் போலீஸே போய் அதன் கணக்கை அதன் முன் வைக்கும்.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், புது இலாகா வேண்டாம். ஊதச் சொல்கிற மெஷினோடு ஒரு பேனா போதும். கிடைக்கிற பட்டியலின் ஒரு பிரதி மாதம் ஒரு தடவை கலால் ஆபீசுக்குப் போனால், லைசென்ஸ் புதுப்பிக்கிற அன்று அது மேஜையில் இருக்கும்.

எங்கள் பெரியப்பாவின் பாய்லர் தொழிலாளியிடம் அந்த ராத்திரி யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பதில் தெரிந்துகொள்ளக் கான்ஸ்டபிள் இருபது அடிகூட நடந்திருக்க வேண்டாம். கடை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.